நாலு அங்குலம் பறந்த ராக்கெட்!

ராக்கெட்னா வானத்துக்குப் போகும்னு எல்லாருக்கும் தெரியும். நாலே நாலு அங்குலம் மட்டும் பறந்த ராக்கெட் தெரியுமா?

1960 நவம்பர் 21. அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளம். மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் மெர்குரி திட்டத்தின் சோதனை. ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் மேல் விண்கலம். உள்ளே ஆள் இல்லை. எஞ்சின் எரிந்தது. ராக்கெட் 10 செ.மீ. எழும்பியது. உடனே எஞ்சின் அணைந்து, மேடையிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டது!

அடுத்ததுதான் வேடிக்கை. ஆபத்து வந்தால் விண்கலத்தை இழுத்துக்கொண்டு தப்பிக்க, உச்சியில் ஒரு சின்ன ராக்கெட் கோபுரம் உண்டு. அது விண்கலத்தை விட்டுட்டுத் தான் மட்டும் பறந்து போயிடுச்சு! பிறகு பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தொங்கின.

ஏன் அப்படி? எஞ்சின் நின்றதும் 'மேலே போயாச்சு' என்று கருவி எடுத்துக்கொண்டு கோபுரத்தைக் கழற்றிவிட்டது. உயரம் 3 கி.மீ.க்குக் குறைவாக இருந்ததால் 'இறங்கும் நேரம்' என்று பாராசூட்டை விட்டது. அதில் எடை தொங்கவில்லை. 'இது வேலை செய்யல' என்று அடுத்ததையும் விட்டது.

ஆனால் ஆபத்து பெரியது. எரிபொருள் நிறைந்த ராக்கெட் எதிலும் கட்டப்படாமல் நின்றது. பாராசூட்டில் காற்றுப் பிடித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டு டேங்கில் ஓட்டை போடலாம் என்றுகூட யோசனை வந்தது. அதிகாரி கிறிஸ் கிராஃப்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி தீரும்வரை, திரவ ஆக்சிஜன் ஆவியாகும்வரை மறுநாள் காலை வரை காத்திருந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு வயர்! ராக்கெட்டின் அடியில் இரண்டு மின் இணைப்புகள். முதலில் கழல வேண்டிய வயர் நீளம் அதிகமாக இருந்ததால் கடைசியில் கழன்றது. வித்தியாசம் வெறும் 29 மில்லிசெகண்ட். அதற்குள் எர்த் இல்லாமல் கரண்ட் தப்பான வழியில் பாய்ந்து எஞ்சினை அணைத்துவிட்டது. பிறகு எர்த் இணைப்பைச் சரிசெய்தார்கள். டிசம்பர் 19இல் அதே விண்கலம் புது ராக்கெட்டில் 210 கி.மீ. உயரம் போய் வந்தது. 1961 மே 5இல் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளி சென்று பத்திரமாகத் திரும்பினார்.

போன வாரம் லேப்ல எங்க குரூப் பல்பு மட்டும் எரியல. எல்லாரும் சிரிச்சாங்க. பார்த்தா ஒரு வயர் மாறியிருந்தது. அன்னிக்கு அந்த விண்கலத்துல ஆள் இருந்திருந்தா? முதல்ல ஆளில்லாம அனுப்பிப் பார்த்ததாலதான் தப்பு தெரிஞ்சது, உயிர் தப்பிச்சது. அதனால தோத்துப்போன சோதனையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. எந்த வயர்னு தேடுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி