கடல் ஏறுகிறதா, கரை இறங்குகிறதா?

கொல்கத்தாவில் கனமழையும் ஹூக்ளியில் 'ஜோயார்' என்கிற நீரேற்றமும் ஒரே வேளையில் வந்துவிட்டால் நம்மவர் பாடு திண்டாட்டம்தான். ஆற்று நீர் நகருக்குள் புகாதபடி 'லாக் கேட்'டுகளை அடைத்துவிடுவார்கள். தெருவில் நிற்கும் மழைநீர் வடிய வழியிராது. அந்த ஏற்றம் வங்கக் கடலிலிருந்து வருவது. ஆகவே கடல்மட்டம் உயர்வது லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்போருக்கும் சொந்த விஷயமே.

கடல்மட்டத்தை அளக்கப் பழைய முறை, கரையில் அளவுமானியை நிறுத்தி நீர் ஏறுவதையும் இறங்குவதையும் குறித்து வருவது. சியால்டாவில் ரயிலேறினால் போய்ச் சேரும் டயமண்ட் ஹார்பரில் 1948 முதல் இத்தகைய கணக்கு உண்டு. கோவா தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மும்பையிலும் கொச்சியிலும் நீர்மட்டம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே உயர்ந்தது. டயமண்ட் ஹார்பரில் 5 மில்லிமீட்டருக்கும் மேல்!

இங்கு மட்டும் ஏன் இப்படி? விடையில் ஒரு பங்கு மண்ணில் இருக்கிறது. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மெல்ல இறுகி அமிழ்கிறது. அதன்மேல் நிற்கும் அளவுமானியும் கூடவே இறங்குகிறது. அமிழும் படகில் நட்ட கோலைப் பார்ப்பவனுக்கு ஆறு உயர்வதாகத்தானே தோன்றும்?

மண்ணைத் தொடாத அளவுகோல் வேண்டுமானால் வானுக்குத்தான் போகவேண்டும். இந்தியாவும் பிரான்சும் கூட்டாகச் செய்த 'சரல்' செயற்கைக்கோள் 2013 பிப்ரவரி 25-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் அலையைக் கடல்மேல் செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணித்தது. போய்வர ஒரு விநாடியில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான்! அதிலிருந்து தூரம் தெரியும். செயற்கைக்கோளின் உயரத்தில் அந்தத் தூரத்தைக் கழித்தால் கடற்பரப்பின் உயரம் கிடைக்கும். ஒரு தடவை அளப்பதில் சில சென்டிமீட்டர் பிசகலாம்; ஆயிரக்கணக்கான அளவுகளின் சராசரியில் மில்லிமீட்டர் மாற்றமும் தெரிந்துவிடும். 1993 முதல் பல செயற்கைக்கோள்கள் இவ்விதம் அளந்ததில், உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 4 அங்குலம் உயர்ந்திருக்கிறது.

அப்படியானால் கரையிலுள்ள அளவுமானி வீணா? இல்லை. கரையோரத்தில் ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்து குழப்பும். தீவுகள் நிறைந்த ஹூக்ளி முகத்தில் கேட்கவே வேண்டாம். தவிர, கரையில் வாழ்பவனுக்குக் கடல் ஏறினாலும் மண் அமிழ்ந்தாலும் பலன் ஒன்றே. அணை கட்டுகிறவர் இரண்டையும் கூட்டித்தான் உயரம் வைக்கவேண்டும். கங்காசாகர் யாத்திரை போனவர்கள் வழியில் கோராமாரா தீவைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். ஆற்றரிப்பும் சேர்ந்து அதைக் கரைத்துவருகிறது. அங்கிருந்து பல குடும்பங்கள் சாகர் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பக்கத்திலிருந்த லோஹாசரா தீவு முன்னமே மூழ்கிவிட்டது.