மதிப்பும் கொள்கலமும்

*கணிப்பொறியில் ஒரு மதிப்பை ஒரு தரவினத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எளிய செயலாகத் தோன்றும். அம்மாற்றத்தில் எது நிலைக்கும், எது இழக்கப்படும் என்பதை அறிந்தவரே நல்ல நிரலர் ஆவார். இதனை விளக்குகிறது இப்பாடம்.*

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய ஊர்கள் தமிழகத்தின் முதன்மையான தொழில்வழித்தடமாகத் திகழ்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டிலும் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கின. இங்கு உருவாகும் மகிழுந்துகளில் சிறு கணிப்பொறிகள் பல உள்ளன. வெப்பம், வேகம், அழுத்தம் ஆகியவற்றை உணரிகள் அளக்க, அவ்வளவுகளை இக்கணிப்பொறிகள் எண்களாக ஏற்று மாற்றிப் பயன்படுத்துகின்றன.

தரவினமும் கொள்ளளவும்

ஒரு மரக்கால் எட்டுப் படி நெல்லைக் கொள்ளும். அதற்கு மேல் ஊற்றினால் வழியும். கணிப்பொறியின் தரவினமும் இவ்வாறு அளவுடைய கொள்கலமே. 8 பிட் கொண்ட குறியில்லா முழு எண் 0 முதல் 255 வரையிலான மதிப்புகளை மட்டுமே ஏற்கும். 16 பிட் கொண்ட குறியுடை முழு எண்ணின் எல்லை −32768 முதல் 32767 வரை ஆகும். வழியும் நெல் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியிலோ மிகுதி மறைந்து, எஞ்சியதே சரியான எண்போல் நின்றுவிடக்கூடும். 8 பிட் கொள்கலத்தில் 300 என்னும் எண்ணை இட்டால் 44 எஞ்சுவது இதற்குச் சான்று.

மாற்றத்தின் வகைகள்

தரவின மாற்றம் இருவகைப்படும். 5 என்னும் முழு எண்ணுடன் 2.5 என்னும் பதின்ம எண்ணைக் கூட்டும்போது, நிரலர் கட்டளையிடாமலே முழு எண் பதின்ம எண்ணாக மாறி 7.5 என விடை கிடைக்கிறது. இஃது உள்ளார்ந்த இனமாற்றம். நிரலரே கட்டளையிட்டு மாற்றுவது வெளிப்படை இனமாற்றம். 96.8 என்பதை முழு எண்ணாக மாற்றினால் பெரும்பாலான மொழிகளில் 96 கிடைக்கும். பின்னப்பகுதி முழுமையாக்கப்படாமல் வெட்டப்படும். இம்முறையில் முக்கால், சுழியமாகிவிடும்.

எழுத்துச் சரங்களிலும் விழிப்பு தேவை. பைத்தான் மொழியில் விசைப்பலகை வழி பெறப்படும் உள்ளீடு சரமாகவே அமையும். 25, 30 என்னும் இரு உள்ளீடுகளை மாற்றாமல் கூட்டினால் 55 வராது. அவை இணைந்து 2530 ஆகும். மறுபுறம், 00452 என்னும் உதிரிபாகக் குறியெண்ணை முழு எண்ணாக்கினால் 452 மட்டுமே எஞ்சும். கணக்கிடப் பயன்படாத குறியெண்ணைச் சரமாகவே வைத்திருத்தல் வேண்டும்.

மகிழுந்தில் ஒரு மாற்றம்

மகிழுந்துகளின் பழுதறியப் பயன்படும் ஓபிடி முறையில், பொறியைக் குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பநிலை ஒரு பைட்டாக அனுப்பப்படுகிறது. அவ்வெண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியசு அளவு கிடைக்கும். 130 வந்தால் வெப்பநிலை 90 பாகை. லடாக்கின் குளிர்கால விடியலில் 30 வந்தால் அது −10 பாகை. இவ்விடையைக் குறியில்லா 8 பிட் எண்ணில் சேமித்தால், எதிர்மறைக்கு அங்கு இடமில்லாததால், 246 என்று பதிவாகும். உறைகுளிரில் நிற்கும் பொறியைக் கணிப்பொறி கொதிப்பதாகக் கருதும். உணரியும் பழுதில்லை, கழித்தலும் பிழையில்லை. கொள்கலத் தேர்வே பிழை.

ஏரியன் 5 தந்த படிப்பினை

இத்தகைய பிழை பெருஞ்செலவில் உருவான ஏவூர்தியையே வீழ்த்தியிருக்கிறது. 1996 சூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 முதன்முறையாக ஏவப்பட்டது. கிடைத்திசை வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட் மிதப்புப்புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் குறியுடை முழு எண்ணாக மாற்றியபோது, அது 32767ஐக் கடந்தது. வழிகாட்டும் கணிப்பொறிகள் இரண்டும் ஒரே நிரலைக் கொண்டிருந்தமையால் இரண்டும் செயலிழந்தன. எரியூட்டிய ஏறத்தாழ 40 நொடிகளில் ஏவூர்தி சிதறியது. அது சுமந்த நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

அந்நிரற்பகுதி ஏரியன் 4 ஏவூர்தியில் குறையின்றி இயங்கியதே. ஏரியன் 5இன் கிடைத்திசை வேகம் முன்னதைவிட விரைந்து உயர்ந்தது. கணிப்பொறியின் பணிச்சுமையைக் குறைக்கும் நோக்கில், இடருக்குரியவை எனக் கண்ட ஏழு மாறிகளுள் நான்கிற்கு மட்டுமே பாதுகாப்பு அமைத்திருந்தனர். பிழை விளைத்த மாறி எஞ்சிய மூன்றில் ஒன்று.

நிரலரின் கடமை

மாற்றும் முன், வரக்கூடிய மிகப்பெரிய, மிகச்சிறிய மதிப்புகள் எவை, எதிர்மறை எண் வருமா, பின்னம் இழக்கப்பட்டால் விடை பிழைபடுமா என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். எல்லை மீறினால் செய்ய வேண்டுவதையும் நிரலில் எழுதுதல் வேண்டும். பழைய நிரலைப் புதிய இயந்திரத்தில் அமைக்கும்போது இவ்வினாக்களை மீண்டும் எழுப்புவது இன்றியமையாதது. தொழிற்சாலைகளில் நாளை பணியாற்றவிருக்கும் மாணவர்க்கு இப்பழக்கம் இன்றே தொடங்குதல் நன்று.

கற்பவை கற்றபின்

1. அலைபேசி எண்ணைச் சேமிக்க ஏற்றது முழு எண்ணா, சரமா? காரணம் கூறுக.
2. உங்கள் ஊரின் ஓராண்டு வெப்பநிலையைப் பதிவு செய்ய ஏற்ற தரவினத்தைத் தேர்ந்து, வகுப்பில் கலந்துரையாடுக.