திரைக்குப் பின்னால் இருந்த ஃபங்க் பிரதர்ஸ்



அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1959-ல் பெர்ரி கார்டி தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் மோடவுன். ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, டயானா ராஸ் என அங்கிருந்து புகழ்பெற்ற பாடகர்களை உலகம் அறியும். அவர்களுக்கு வாசித்த குழுவின் பெயர் ஃபங்க் பிரதர்ஸ். பாம்புக் குழி என்று அவர்களே பட்டப்பெயர் வைத்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவு பகலாக வாசித்தார்கள். ஆனால் இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயர் இருக்காது.

குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தந்திகளை மீட்டியவர். 1971-ல் மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் இந்தக் கலைஞர்களின் பெயர்கள் அச்சேறின. மறு ஆண்டே மோடவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர, குழு சிதறியது. 1983-ல் ஜேமர்சன் காலமானார்.

2002-ல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று இவர்களை உலகுக்கு அடையாளம் காட்டியது. 2004-ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும் கிடைத்தது.

இனி ஒரு பாட்டு பிடித்துப்போனால், வாசித்தவர் யார் என்றும் தேடிப் பாருங்கள்!