கிலோமீட்டரை நம்பிக் கார் வாங்கலாமா?

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் நல்லூர் பக்கம், பனியன் கம்பெனி சம்பளத்தில் பைக்கிலேயே குடும்பத்தை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாகக் கார் வாங்க நினைத்தால், பழைய காரைத்தான் தேடுவார்கள். அது நல்ல முடிவுதான். இன்சூரன்ஸ் கணக்கில் புதுக் காருக்கு ஓராண்டுக்குள் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழித்துவிடுகிறார்கள். அந்த இழப்பை முந்தைய ஓனர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குவதில் தவறேதும் இல்லை. தவறு எங்கே நேர்கிறது என்றால், "எவ்வளவு ஓடியிருக்கு?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து விலை பேசுவதில்தான். முதல் கார் வாங்குகிறவருக்கு, குறைவாக ஓடிய வண்டியைவிட, ஓடியதற்குக் கணக்குக் காட்டக்கூடிய வண்டியே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

மீட்டரில் தெரியும் எண்ணைக் கருவி வைத்துக் குறைத்துவிட முடியும். தேய்மானத்தை அப்படிக் குறைக்க முடியாது. 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். கார் 2017 மாடல், டயரோ 2022 என்றால், பழைய டயர் எத்தனை கிலோமீட்டரில் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியானால், ஒவ்வொரு முறையும் மீட்டர் காட்டிய எண் அங்கே பதிவாகியிருக்கும். துணி ரோலை செக்கிங் மெஷினில் வெளிச்சத்தின் மேல் ஓட்டிப் பார்த்து ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிற ஊர் இது. அந்தப் பொறுமை காருக்கும் வேண்டும்.

பாலீஷ் எதையும் மறைத்துவிடும் என்பதால் பாலீஷ் போகாத இடங்களைப் பார்க்க வேண்டும். 2015லும் 2023லும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து எந்த ஊரிலும் விற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு இருக்கும். பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அது கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்பதற்கு ஓனரிடம் பதில் இருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள்.

"நம்ம ஊரில் பாதிப் பேர் பட்டறையில்தான் வண்டி விடுறாங்க, பில்லுக்கு எங்கே போறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பில் கேட்டே தீருவேன் என்றால் நன்றாகப் பராமரித்த வண்டிகளும் கைநழுவிப் போகும். ஆனால் சான்று என்பது பில் மட்டுமல்ல. பேட்டரி வாரண்டி கார்டு, விடாமல் புதுப்பித்த இன்சூரன்ஸ், வண்டியைப் பார்த்த மெக்கானிக்கின் ஃபோன் நம்பர் எல்லாமே கணக்கில் சேரும். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தச் சந்தேகத்துக்கான தொகையை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். குறைக்க மறுத்தால் விட்டுவிட வேண்டும். நன்றாகத் தெரிந்த மெக்கானிக் கூட வந்தால் போதாதா என்றால், வண்டி இன்றைக்கு இருக்கும் நிலையை அவர் சொல்லிவிடுவார். அதன் மேல் கடன் நிற்கிறதா என்பது அவர் காதுக்குக் கேட்காது.

அதை ஆர்.சி.யில்தான் பார்க்க வேண்டும். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் ஃபாரம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. விற்கிறவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒரே ஆளா என்று பாருங்கள். பெயர் மாறாமலே பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டையும் தள்ளிப்போடாமல் கொடுப்பது விற்கிறவருக்கும் பாதுகாப்பு. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிடுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் சிக்கலாகிவிடும். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால், 2012 மாடலை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் செலவு யார் தலையில் விழும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.