குரோட்டனின் நிறமங்கலும் கொப்புக் காய்தலும்

மேனாடுகளிலே இலையுதிர் காலத்தில் மட்டும் மரங்கள் நிறம் மாறும். நம் முற்றத்துக் குரோட்டனோ ஆண்டு முழுவதும் செம்மையும் மஞ்சளும் தாங்கி நிற்பது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வன்னியில் மீள்குடியேறியோர் பலர், அயலவரிடம் ஒரு கொப்புப் பெற்று வாசலில் நட்ட செடி அஃது. அதன் நிறம் மங்கிக் கொப்புக் காயுங்கால், காரணம் அறியாது மருந்து தெளிப்பது பணத்துக்கும் நட்டம். கிணற்று நீருக்கும் கேடு. எனவே காரணத்தை அறியும் வழியை ஈண்டு கூறுவோம்.

முதலிற் பட்டையை நகத்தாற் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பச்சையாயின் கொப்பு உயிருடன் உளது, கபிலமாயின் இறந்தது. நுனி காய்ந்து அடி பசுமையாயிருப்பின், கச்சான் காற்றும் நீர்க்குறைவுமே பெரும்பாலும் காரணமாகும். ஈரவளி மிக்க மலாய, பசிபிக் தீவுகளுக்குரிய இச்செடியின் இலைகள் இழக்கும் நீரை வேர் ஈடுசெய்யாவிடத்து நுனியே முதலில் இறக்கும். தளர்ந்த கொப்பிற் பங்கசு புகுந்து கீழ்நோக்கிப் பரவுதலும் உண்டு.

மண் ஈரமாயிருந்தும் செடி முழுவதும் வாடின், குற்றம் வேரில் உளது. மாரியில் நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு ஒட்சிசன் கிடையாது. நல்ல வேர் வெண்மையாய் உறுதியாயிருக்கும். அழுகிய வேரின் தோல் விரலோடு கழன்று வரும். எறும்புகள் கொப்பிலே ஏறி இறங்கின், இலையின் அடியிற் செதிற்பூச்சியோ வெண்மூட்டுப்பூச்சியோ உண்டா என நோக்குக.

இனி நிறம். பச்சையம் பசுமையையும், கரற்றினொயிட்டுகள் மஞ்சளையும், அந்தோசயனின் செம்மையையும் தருவன. இளம் இலை பச்சையாகத் தோன்றி முதிருங்கால் நிறம் பெறுதல் பல இனங்களுக்கு இயல்பு, அது நோயன்று. முதிர்ந்த இலையும் பச்சையாகவே நிற்பின், நிழலோ மிகையான யூரியாவோ காரணமாகலாம். புதிய இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாயிருப்பின் இரும்புக் குறைவென்க. வீடு கட்டியபோது கொட்டிய சீமெந்தும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்க, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனைக் கொள்ளமாட்டாது. கோடையில் இலை மங்கி, அடியில் நுண்ணிய வலை காணின், அது சிற்றுண்ணியின் வேலை. நீரை விசையாக வீசிக் கழுவுதல் நன்று.

பரிகாரமும் காரணத்தைப் பொறுத்ததே. காய்ந்த கொப்பை, உயிருள்ள பகுதி வரை, தூய கத்தியால் வெட்டி எரித்துவிடுக. வடியும் சாறு சிலருக்குத் தோலை எரிக்குமாதலாற் கையுறை நன்று. கோடையில் அடியிற் சருகு பரப்பி ஆழ நீர் ஊற்றுக. மாரியில் நீர் வடிய வாய்க்கால் வெட்டுக. கட்டடக் கழிவை அகற்றிக் கூட்டெரு இடுக. நிழலில் நின்ற செடியைச் சிறிது சிறிதாகவே வெயிலுக்குப் பழக்குக. திடீரென வெயிலில் வைப்பின் இலை கருகும்.

இவ்வளவும் பார்த்தும் காரணம் விளங்காவிடின், இலையும் வேரும் கொண்டு விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். மாணவர்கள் இம்முறையைத் தம் வீட்டு எலுமிச்சையிலும் மாதுளையிலும் பயின்று பார்ப்பாராக. தோட்டத்தையே வாழ்வாகக் கொண்ட நம் மண்ணில், மருந்துப் போத்தலை எடுக்குமுன் இலையையும் வேரையும் பார்க்கும் பழக்கம் பெருஞ்செல்வமாகும்.