கரைவலைக் கரையில் தேகாப்பியாசம்

2022 மார்ச் 20ஆம் திகதி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 29 கிலோமீற்றர் தூரத்தை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்த ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி ஓட்டிசம் உடையவள் என்று கேட்டபோது வியந்தவர் பலர். ஆயினும், பேச்சு வரத் தாமதித்த அக்குழந்தைக்கு நீச்சல் முதலில் வைத்திய ஆலோசனைப்படி ஒரு சிகிச்சையாகவே வாய்த்தது என்பதும், சாதனை அதன் பின்னரே வந்தது என்பதும், புத்தளம் கரையோரத்துப் பெற்றோர் சிந்திக்கத் தக்க விஷயமாகும்.

1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து ஓட்டிச நிலையை விவரித்தார். மறு ஆண்டில் ஹான்ஸ் அஸ்பெர்கர் தாம் கண்ட சிறுவர்களின் அங்க அசைவில் இருந்த தடுமாற்றத்தையும் குறித்து வைத்தார். இலங்கையிலே 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட சிறு குழந்தைகளில் ஏறக்குறைய 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. சமநிலை பேணுவதும் வரும் பந்தைப் பிடிப்பதும் சிரமமாயிருக்க, கூச்சலும் சொல்லாமலே விளங்கவேண்டிய விதிகளும் நிறைந்த மைதானத்தை விட்டு இப்பிள்ளைகள் ஒதுங்கிவிடுகின்றனர். வீட்டிலே முடங்குவதால் உடல் பருக்கிறது, நித்திரையும் கெடுகிறது. ஊனமுற்றோர் உட்பட 5 முதல் 17 வயதினர் யாவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட தேகாப்பியாசம் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் விதந்துரைத்தது. அதே ஆண்டில், ஓட்டிசத்துக்குப் பயன் தரும் முறைகளெனச் சான்றுகளோடு அமெரிக்க அறிஞர் தொகுத்த 28இல் உடற்பயிற்சியும் இடம்பெற்றது.

இப்பயிற்சிக்கு முக்கியமாக வேண்டுவது ஒழுங்கு. தினமும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஒரே வரிசையில் அது நடைபெற வேண்டும். அடுத்துச் செய்வது இன்னதென்று படங்களால் முன்கூட்டியே காட்ட வேண்டும். வாயால் விளக்குவதினும் செய்து காட்டி, பிள்ளை விளங்கிக்கொள்ளும்வரை காத்திருந்து, சிறு முயற்சியையும் பாராட்ட வேண்டும். புத்தளம் கரையோரத்து உடப்பில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடியெடுத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அங்கே அசைவு ஒன்று, தாளம் ஒன்று, அடுத்த கணம் செய்யவேண்டியதிலும் ஐயமில்லை. மணலில் நடப்பது, மெல்ல ஓடுவது, கயிறு இழுப்பது ஆகிய இவற்றைப் பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக நீட்டலாம்.

நீரைப் பற்றி மட்டும் மிகுந்த ஜாக்கிரதை அவசியம். இப்பிள்ளைகளிற் பலர் நீரால் வசீகரிக்கப்பட்டு, ஒருவருமறியாமல் அதை நாடிச் செல்லும் சுபாவம் உடையவர்கள். அவ்வாறு சென்று மூழ்கி இறந்தோரும் உளர். ஆகவே களப்பின் ஆழங்குறைந்த நீரிலும் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றில் கொந்தளிக்கும் வெளிக்கடலை அறவே தவிர்க்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளையாயின் வைத்தியரின் அனுமதி பெற்றே நீரில் இறக்கலாம். புத்தளம் புகையிரதப் பாதை பிரதான பாதையோடு சேரும் ராகமையில், களனிப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தைச் சார்ந்த அயதி நிலையம் இத்தகைய பிள்ளைகளைப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்கிறது.

மணலும் கயிறும் இக்கரையில் விலையின்றிக் கிடைப்பவை. நாள் தவறாமல் பிள்ளையோடு கூட நடக்க ஒரு பெரியவர் ஒதுக்கும் அரைமணி நேரத்தைத்தான் குடும்பமே தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.