மாத்திரை போட்டும் ஆறாத ஹெர்ப்பிஸ் புண்... எப்போ சந்தேகப்படணும்?

கடலூர், சிதம்பரம் பக்கத்து கிராமங்கள்ல இடுப்புலயோ முதுகுலயோ கொப்புளம் வரிசை கட்டினா, வீட்டுப் பெரியவங்க சொல்றது, 'போய் அக்கி எழுதிட்டு வா.' காவியைக் குழைச்சு கொப்புளத்தைச் சுத்தி எழுதிவிடுவாங்க. சில வாரத்துல காய்ஞ்சிடும். ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு எழுதலைன்னாலும் காயும். பேரு மட்டும் காவிக்கு! ஆனா, அதுக்குள்ள 72 மணி நேரம் ஓடிப்போயிருக்கும். அக்கிக்கான மாத்திரையை அந்த நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன்.

அக்கியைக் கொண்டுவர்றது சின்னம்மை வைரஸ். உதட்டுலயும் பிறப்புறுப்புலயும் திரும்பத் திரும்பப் புண் கொண்டுவர்ற ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அதோட பங்காளி. ரெண்டுக்கும் முக்கியமான மருந்து ஏசைக்ளோவிர். 1988-ல் நோபல் பரிசு வாங்கிய கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழு கொடுத்த மருந்து.

'மாத்திரை போட்டேன், கேட்கலை'ன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காரணம் வேற. லேட்டா ஆரம்பிச்சிருப்பாங்க, தினமும் அஞ்சு வேளை போட வேண்டியதை ரெண்டு வேளையா குறைச்சிருப்பாங்க, இல்லைன்னா, மெடிக்கல்ல க்ரீம் மட்டும் வாங்கித் தடவியிருப்பாங்க. ஆனா, சிலருக்கு வைரஸே மருந்துக்கு அடங்காம மாறியிருக்கும்.

அது எப்படின்னா, ஏசைக்ளோவிர் உள்ளே போகும்போது ஆயுதம் இல்லாமதான் போகுது. வைரஸ் தயாரிக்கிற தைமிடின் கைனேஸ் என்ற என்சைம்தான் அதை முடுக்கிவிடுது. தன் கையாலேயே தனக்கு வினை! அந்த என்சைமையே கைவிட்ட வைரஸ் தப்பிச்சிடும். மருந்தை எதிர்க்கிற ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்கள்ல சுமார் 95 சதவிகிதம் இந்த வழியிலதான் தப்பிக்குது.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் பரவலை? நரம்பு முடிச்சுல தூங்குற வைரஸ் மறுபடி எழுந்து வர்றதுக்கு அதே என்சைம் தேவை. அதை இழந்த வைரஸ் பெரும்பாலும் நொண்டிதான். அதனாலதான் 40 வருஷத்துக்கும் மேல இந்த மருந்து புழக்கத்துல இருந்தும், ஆரோக்கியமானவங்ககிட்ட எதிர்ப்பு 1 சதவிகிதத்தைக்கூடத் தொடலை. ஆன்டிபயாட்டிக் கதையோட ஒப்பிட்டா, இது ஆச்சர்யம்தான்.

நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க விஷயம் வேற. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி, எலும்பு மஜ்ஜை மாற்று, சிறுநீரக மாற்று, கீமோதெரபி... இவங்க உடம்புல நொண்டி வைரஸையும் விரட்ட ஆள் இல்லை. மாசக்கணக்குல மருந்தும் ஓடும். இங்கே எதிர்ப்பு பல மடங்கு அதிகம். சரியான அளவுல மாத்திரை எடுத்தும் 7 முதல் 10 நாள்ல புண் ஆறத் தொடங்கலைன்னா, டாக்டர் சந்தேகப்படணும், நீங்களும் கேட்கணும்.

இதுக்கான சோதனை தெருமுனை லேப்ல நடக்காது. புண்ணுல இருந்து சாம்பிள் எடுத்து, வைரஸை செல்கள்ல வளர்த்து, எந்த அளவு மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கணும். இல்லைன்னா, அதோட ஜீனைப் படிக்கணும். கடலூர்க்காரங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய வைராலஜி லேப், புதுச்சேரி ஜிப்மர்ல இருக்கு. எங்கே அனுப்பணும்னு உங்க டாக்டர் முடிவு பண்ணுவார்.

முடிவு வர்றதுக்குள்ள 'வேற பிராண்டு போடலாமே'ன்னு வாலாசைக்ளோவிர், ஃபேம்சைக்ளோவிர்னு தாவாதீங்க. அதுக்கும் அதே என்சைம்தான் வேணும். மாற்று மருந்தான ஃபாஸ்கார்நெட்டை நரம்பு வழியா ஏத்தணும். அது சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஏற்கெனவே சிறுநீரக மாற்று செய்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. சும்மா சந்தேகத்துல எழுதிக்கொடுக்கிற மருந்து இல்லை அது.

ஆரோக்கியமானவங்களும் உஷாரா இருக்க வேண்டிய இடம், கண். கருவிழியில நோய் எதிர்ப்பு செல்களோட நடமாட்டம் குறைவு. 2008-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வுல, கருவிழி ஹெர்ப்பிஸ் வந்த 173 பேர்ல சுமார் 6 சதவிகிதம் பேரோட வைரஸ் ஏசைக்ளோவிருக்கு அடங்கலை. கண் சிவந்து கூசினா, ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களா வாங்கி விடாதீங்க. அக்கிக் கொப்புளம் மூக்கு நுனியில வந்தாலும் அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. மூக்கு நுனிக்குப் போற நரம்புதான் கண்ணுக்கும் போகுது.